வரவேற்பறையில் ஓர் ஓவியம்: சிங்கப்பூரின் கலைக்கூடங்களை இணையவழி தமிழில் பார்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

உங்களிடம் ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்று இருந்தால் அதை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கொம்பாங், வீணை, பீப்பா, வயலின் ஆகிய நான்கு இசைக்கருவிகளுடன் இரண்டு ஓவியங்களும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று சென் வென் சியின் கிப்பன் குரங்குகள். மற்றொன்று சியோங் சூ பியெங் 1978ஆம் ஆண்டில் வரைந்த, பெண்கள் கருவாடு காயவைக்கும் காட்சி. பல ஆண்டுகளாக நம் கைகளில் புழங்கிவரும் இந்தப் படத்தின் மூல ஓவியம் தேசியக் கலைக்கூடத்தின் தொகுப்பில் இருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் பார்க்க இணையத்தில் வழியும் இருக்கிறது. ஆனாலும் நம் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் அதன் முன்னால் ஒரு நிமிடம்கூட நின்றதில்லை.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் கொண்ட பெற்றோரையும், வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிகளையும், தமிழாசிரியர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கலைக்கூடங்கள் தங்கள் கண்காட்சிகளையும் கற்றல் நிகழ்ச்சிகளையும் இணையத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, நோய்ப்பரவலை முறியடிக்கும் நடவடிக்கைகளால் கதவுகள் மூடப்பட்டிருந்த காலத்தில் அந்த வேலை வேகம் பிடித்தது. அவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருப்பதாலேயே அவை நமக்கு எட்டாதவை என்று எண்ணிவிடக் கூடாது. ஓவியத்துக்கு மொழி இல்லை; அதைப் பற்றி நாம் பேசும் பேச்சுக்குத்தான் மொழி உண்டு, அந்தப் பேச்சு தமிழிலேயே நடக்கலாம்.

முதல் படி: எந்தக் கதவைத் திறப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேசியக் கலைக்கூடத்தின் இணையத்தளம்தான் முதல் கதவு. 1929இல் கட்டி முடிக்கப்பட்ட நகர மண்டபத்தையும் 1939இல் கட்டி முடிக்கப்பட்ட முன்னாள் உச்ச நீதிமன்றத்தையும் இணைத்து 2015ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட அந்தக் கலைக்கூடம், சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்காசியாவின் நவீன ஓவியங்களுக்கான இடம். இன்றைய கலைஞர்களின் நிறுவல் கலை (பொருள்களை ஓர் இடத்தில் அமைத்து உருவாக்கும் கலை), காணொளிக் கலை போன்றவற்றைத் தேடுவோர் தஞ்சோங் பகாரில் இயங்கும் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்தின் தளத்துக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது கதவு, தேசிய மரபுடைமைக் கழகம் நடத்தும் ரூட்ஸ் தளம். அரும்பொருளகங்கள் பலவற்றின் பொருள்களை ஒரே இடத்தில் தேடிப் பார்க்க உதவும் தளம் இது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்தின் பொருள்களையும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தின் தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளையும் இங்கே காணலாம். தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: நம் பெயர்களும் சொற்களும் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும். செட்டியார் என்ற ஒரு சொல்லையே மூன்று நான்கு எழுத்துமுறைகளில் கொடுத்துத் தேடினால்தான் இருப்பவை எல்லாம் கண்ணில் படும். முதல் தேடலில் ஒன்றும் வரவில்லை என்று தளத்தை மூடிவிடாதீர்கள்.

மூன்றாவது, கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர். 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் 17 அரும்பொருளகங்களுடன் தொடங்கிய இந்தத் தளத்தில் இன்று சிங்கப்பூரின் கலைக்கூடங்களும் இடம்பெற்றுள்ளன. படத்தை மிக அருகில் பார்ப்பதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அரும்பொருளகம் 2022இல் ரெம்பிராண்ட்டின் இரவுக்காவல் ஓவியத்தை 717 பில்லியன் படப்புள்ளிகள் கொண்ட ஒரே படமாக வெளியிட்டது; வண்ணப்பூச்சில் விழுந்த நூலிழை வெடிப்புகள்கூட அதில் தெரிகின்றன. இணையம் இதற்கெல்லாம் இடம்தரும் என்பதைப் பிள்ளைகள் அறிய, ஒருமுறை அதையும் திறந்து காட்டுங்கள்.

இரண்டாம் படி: திரையைச் சரிசெய்யுங்கள்

கைப்பேசியில் தனியாகப் பார்ப்பதும் குடும்பமாகப் பார்ப்பதும் வேறு வேறு. மடிக்கணினியை வரவேற்பறைத் தொலைக்காட்சியுடன் இணைத்துவிடுங்கள். தொலைக்காட்சியின் வண்ண அமைப்பு பளிச்சென்று இருந்தால் அதைத் திரைப்படத்துக்குரிய மென்மையான நிலைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மண்ணின் காவி நிறம் ஆரஞ்சாகத் தெரியும். சாளரத்திலிருந்து வரும் ஒளி திரையில் பட்டால் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். இவ்வளவு போதும்.

மூன்றாம் படி: ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சில குடும்பங்களைச் சூம் வழியாகக் கூட்டி ஓவியம் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கிய புதிதில், ஒரு மணி நேரத்தில் நாற்பது படங்களைக் காட்டினேன். பத்தாவது படத்துக்குள் பிள்ளைகளின் கண்கள் திரையை விட்டு விலகிவிட்டன. முடிவில் ஒரு படத்தின் பெயரைக்கூட யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் ஒரே படத்தை இருபது நிமிடம் பார்த்தோம். அன்று பேச்சை நிறுத்துவதுதான் கடினமாக இருந்தது.

முதல் படமாக, மனிதர்கள் ஏதோ ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும் படத்தையே தேர்ந்தெடுங்கள். ஐம்பது வெள்ளி நோட்டிலுள்ள கருவாட்டுப் படம் மிகப் பொருத்தம். சுவா மியா டீ 1959இல் வரைந்த தேசிய மொழி வகுப்பும் நல்ல தேர்வு. மலாய் ஆசிரியர் ஒருவர் நிற்க, மாணவர்கள் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய் என்ற இரண்டு கேள்விகள் கரும்பலகையில் மலாயில் எழுதப்பட்டிருக்கின்றன. வேற்றுமொழி ஒன்றைப் புதிதாகக் கற்கும் மனிதர்களின் முகங்களை, வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பேசும் நம் பிள்ளைகள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வெறும் வண்ணங்களும் வடிவங்களும் கொண்ட அருவ ஓவியங்களை நான்காம் ஐந்தாம் அமர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: விளக்கத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள்

படத்தை முழுத்திரையாக்கி, கீழே உள்ள ஆங்கில விளக்கம் கண்ணில் படாதபடி செய்யுங்கள். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. அது நீண்ட நேரமாகத்தான் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்தில் கல்விப் பிரிவை நடத்திய ஃபிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹவுசனும் சேர்ந்து உருவாக்கிய முறை இது. பல நாட்டு அரும்பொருளகக் கல்வியாளர்கள் இதைப் பின்பற்றுகிறார்கள். மூன்றில் இரண்டாவது கேள்விதான் உயிரானது. அந்தப் பெண் சோர்வாக இருக்கிறாள் என்று பிள்ளை சொன்னால், சரி என்றோ தவறு என்றோ நீங்கள் சொல்ல வேண்டியதில்லை; எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று மட்டும் கேளுங்கள். தோள் சாய்ந்திருக்கிறது, கண் கீழே பார்க்கிறது என்று பிள்ளை காரணங்களைத் தேடத் தொடங்கும்.

எங்கள் குழுவில் கருவாட்டுப் படத்தைப் பார்த்த நாளை இங்கே குறிப்பிட வேண்டும். ஈசூனில் மகன் வீட்டில் வசிக்கும், நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டி அன்று பேரனுக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அதுவரை எந்த அமர்விலும் அவர் பேசியதில்லை. படம் வந்து சிறிது நேரம் கழித்து, "காக்கா விரட்ட ஆளு எங்கப்பா?" என்று கேட்டார். பேரன் திரும்பி, "எதுக்குப் பாட்டி காக்கா?" என்றான். மீனை விரித்துப் போட்டுவிட்டு யாரும் சும்மா உட்கார முடியாது என்றும், கையில் கம்போடு ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்றும், மதியத்தில் ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் அடிப்பக்கம் காயாது என்றும் அவர் விளக்கினார். நெத்திலிக்கு ஒரு நாள் வெயில் போதும், வாளைக்குப் போதாது என்றார். அவர் சொன்ன காக்கையைத் தேடிப் படத்துக்குள் போன பிள்ளைகள், அந்தப் பெண்களின் கைகால்கள் இயல்புக்கு மீறி நீண்டிருப்பதையும், கண்கள் நீள நீளமாகச் சாய்ந்திருப்பதையும் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். சியோங் சூ பியெங்கின் தனித்த பாணி என்று கலை வரலாற்று நூல்கள் சொல்வது அதைத்தான். நான் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால் அவரைக் கட்டாயம் அழைத்து உட்கார வையுங்கள். அவருக்கு ஓவியம் தெரியாமல் இருக்கலாம். ஓவியத்தில் உள்ள வாழ்க்கை தெரிந்திருக்கும். புரட்டுதல், உலர்த்துதல், விரித்தல் போன்ற வினைச்சொற்கள் பாடநூலைவிட இப்படித்தான் பிள்ளையின் நாவில் ஏறும். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் காணொளியைப் பார்த்துக் கருத்துரைக்க வேண்டிய பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும். ஆனால் அதைத் தேர்வுப் பயிற்சி என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். சொன்ன கணத்தில் படம் பாடமாகிவிடும்.

ஐந்தாம் படி: அளவை உணருங்கள்

திரை செய்யும் பெரிய பிழை, எல்லாப் படங்களையும் ஒரே அளவாக்கிவிடுவது. விளக்கத்தில் உயரமும் அகலமும் சென்டிமீட்டரில் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் படித்துவிட்டுப் போகாமல் அளவுநாடாவை எடுங்கள். தேசிய மொழி வகுப்பு ஓவியம் 112 சென்டிமீட்டர் உயரமும் 153 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. சுவரில் ஒட்டுநாடாவால் அந்தச் சட்டத்தை அமைத்துப் பார்த்தால், சோபாவுக்கு மேலே மாட்டக்கூடிய அளவுதான் என்பது தெரியும். பிறகு, ஜாவாவில் பிறந்த ராடன் சாலே 1849இல் வரைந்த காட்டுத்தீ ஓவியத்துக்கு வாருங்கள். தீயால் துரத்தப்பட்ட புலி முதலிய விலங்குகள் செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு வந்து தவிக்கும் காட்சி அது. அதன் உயரம் ஏறத்தாழ 3 மீட்டர், அகலம் ஏறத்தாழ 4 மீட்டர். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் கூரை உயரம் சுமார் 2.6 மீட்டர்தான் என்பதால் அது சுவரில் அடங்காது. தரையில்தான் ஒட்ட வேண்டும். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு அந்த நாடாச் சட்டத்துக்குள் பிள்ளையைப் படுக்க வையுங்கள். கைப்பேசியில் உள்ளங்கைக்குள் அடங்கிய புலி எவ்வளவு பெரியது என்பதை அப்போது பிள்ளையின் உடம்பே உணரும்.

ஆறாம் படி: இப்போது விளக்கத்தைப் படியுங்கள்

பார்த்து, பேசி, அளந்த பிறகுதான் எழுத்துக்கு வர வேண்டும். விளக்கத்தை வரிக்கு வரி மொழிபெயர்க்க முயல வேண்டாம். கலைஞர், ஆண்டு, எதில் எதனால் வரையப்பட்டது என்ற மூன்றையும் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள்: "1959இல் சுவா மியா டீ கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்த ஓவியம் இது." கித்தான் (ஓவியம் வரையும் கேன்வாஸ் துணி), எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், தன்னுருவப்படம், நிலக்காட்சி, மரச்செதுக்கு அச்சு ஆகிய ஆறு சொற்கள் கைவசம் இருந்தால் பெரும்பாலான விளக்கங்களைச் சமாளித்துவிடலாம். காணொளிகளுக்கு இயந்திரம் தரும் தமிழ் வசனவரிகளை நம்பிவிடாதீர்கள். கலைஞர்களின் பெயர்கள் அதில் உருத்தெரியாமல் சிதைந்துவிடுகின்றன.

விளக்கத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, பதிவு எண். ரூட்ஸ் தளத்தில் பல பொருள்களின் பதிவு எண் நான்கு இலக்க ஆண்டுடன் தொடங்கும். அந்தப் பொருள் தொகுப்புக்குள் வந்த ஆண்டு அது. மற்றொன்று, அது எப்படி வந்தது என்ற வரி. அன்பளிப்பா, விலைக்கு வாங்கப்பட்டதா, யாரிடமிருந்து? தமிழர்களாகிய நமக்கு இந்த வரி முக்கியம். ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் நியூயார்க் வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கிய உமா பரமேசுவரி செப்புத்திருமேனி, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டது என்று பின்னர் தெரியவந்தது. 2015இல் அதை இந்தியாவுக்குத் திருப்பித்தர முடிவு செய்யப்பட்டது. ஒரு சிலையின் அழகைப் பார்க்கும் அதே கண்ணால் அது வந்த வழியையும் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது நம் கடமை என்றே நான் கருதுகிறேன்.

ஏழாம் படி: நேரலை நிகழ்ச்சிகளில் சேருங்கள்

வீட்டில் இரண்டு மூன்று அமர்வுகள் நடந்த பிறகு, கலைக்கூடங்கள் நடத்தும் இணைய உரைகள், பட்டறைகள், காணொளிச் சுற்றுலாக்கள் ஆகியவற்றுக்குப் பதிவு செய்யலாம். வயது வரம்பு, தேவையான வரைபொருள்கள், பதிவு முடியும் நாள் ஆகியவற்றை முன்பே பார்த்துவிடுங்கள். பிள்ளை கேட்க விரும்பும் ஒரு கேள்வியை முதலில் தமிழில் எழுதவைத்து, பிறகு ஆங்கிலத்தில் கேட்க உதவுங்கள். பதில் வந்ததும் அதைத் தாத்தாவிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். புரிந்ததா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

எட்டாம் படி: கையால் ஒன்று செய்யுங்கள்

பார்த்த படத்தை அப்படியே வரையச் சொல்வது பிள்ளையைத் தோற்கடிக்கும் வேலை. அதற்குப் பதிலாக, அந்தப் படத்தை நம் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 2020இல் லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அரும்பொருளகம், வீட்டில் கிடைக்கும் பொருள்களை வைத்து ஓர் ஓவியத்தை மீண்டும் அமைத்துப் படம் எடுக்குமாறு மக்களை அழைத்தது. உலகம் முழுவதும் அதைச் செய்தார்கள். நாமும் செய்யலாம். முறம், வாழையிலை, அம்மாவின் பழைய கைத்தறிப் புடவை ஆகியவற்றை வைத்துக் கருவாட்டுப் படத்தை அமைத்த ஒரு குடும்பத்தில், யார் எந்தப் பக்கம் குனிந்து நிற்பது என்று அரைமணி நேரம் மூலப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். மூலத்தை மறுபடி மறுபடி பார்க்க வைப்பதுதான் இந்தப் பயிற்சியின் பயன். எடுத்த படம் நன்றாக வந்ததா என்பது இரண்டாம் பட்சம்.

ஒன்பதாம் படி: பகிரும்போது எல்லை அறிந்து பகிருங்கள்

வாட்ஸ்அப் குழுவில் படத்தைத் தரவிறக்கி அனுப்புவதைவிடக் கலைக்கூடத்தின் பக்க இணைப்பை அனுப்புவதே முறை. சிங்கப்பூரில் ஓவியத்தின் காப்புரிமை பொதுவாகக் கலைஞர் மறைந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். ராடன் சாலே 1880இல் மறைந்தவர். அந்த ஓவியத்தின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. சியோங் சூ பியெங் 1983இல் மறைந்தார். அவருடைய படங்களுக்கு 2053 வரை பாதுகாப்பு உண்டு. இணைப்பாக அனுப்பினால் பெறுபவருக்குப் படத்துடன் கலைஞரின் பெயரும் விளக்கமும் சேர்ந்தே கிடைக்கும். தமிழாசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்தும்போது கலைஞரின் பெயர், ஆண்டு, எந்தத் தொகுப்பு என்ற மூன்றையும் படத்துக்குக் கீழே தமிழில் எழுதிக் காட்டுங்கள்.

பத்தாம் படி: நேரில் போங்கள்

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் தேசியக் கலைக்கூடத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்கு நுழைவு இலவசம். சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். புறப்படும் முன் நீங்கள் பார்த்த படம் இப்போது காட்சியில் இருக்கிறதா என்று தளத்தில் பாருங்கள், அல்லது தொலைபேசியில் கேளுங்கள். தாள், துணி, மை ஆகியவற்றால் ஆன படைப்புகள் ஒளியில் நிறம் மங்கிவிடும் என்பதால் அவற்றைச் சில மாதங்கள் காட்டிவிட்டு இருட்டறையில் ஓய்வெடுக்க வைப்பது வழக்கம். அப்படி உள்ளே போய்விட்ட படத்தைப் பார்க்க இணையம் மட்டுமே வழி.

காட்சியில் இருந்தால் நேராக அந்தப் படத்துக்கே போங்கள்; மற்றவற்றை வரும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். திரையில் தெரியாத ஒன்றை முதலில் கண்டுபிடிப்பவர் யார் என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு, படத்துக்கு ஒருபக்கமாகச் சாய்ந்து நின்று பாருங்கள். பக்கவாட்டு ஒளியில் எண்ணெய் வண்ணத்தின் மேடுபள்ளங்களும், தூரிகை இழுத்த தடங்களும் எழுந்து நிற்கும். காட்டுத்தீயின் முன்னால் போய் நின்றதும் எங்கள் குழுவின் சிறுவன் ஒருவன் இரண்டடி பின்வாங்கி, கைகளை அகல விரித்து, வீட்டுத் தரையில் ஒட்டிய நாடாவின் மூலைகள் எங்கே வரும் என்று காற்றிலேயே அளந்து பார்த்தான். அளவுநாடாவை உடன் எடுத்துச் செல்ல வேண்டாம். படங்களுக்கு அருகில் அதை நீட்டக் காவலர்கள் விடமாட்டார்கள்.